நகரி வீட்டு டிவியில் ஒரு வெள்ளை மீசை

அத்தியாயம் 9

ரோஹிணிக்குக் கோபம் வந்தால் திருப்பதியில் எந்த அடுப்பிலும் பால் பொங்காது, பயந்து அடியிலேயே உட்கார்ந்துவிடும் என்று ஜெபகுமார் ஊரெல்லாம் சொல்லிவைத்திருந்தான். அன்று காலை பத்தரை மணிக்கு அவள் பாலையா எலக்ட்ரானிக்ஸ் படிகளில் இறங்கிவந்த வேகத்தில், தெருவை அடைத்துப் படுத்திருந்த மாடு தானாகவே எழுந்து வழிவிட்டது. அந்த மாடு அதுவரை பஸ்ஸுக்கே வழிவிட்டதில்லை.

காரில் ஏறிக் கதவைச் சாத்தினாள். நகரிக்கு ஓட்டு என்றாள்.

"இன்னொரு தடவ இந்த மாதிரி சாத்தினீங்கன்னா, நகரிக்குக் கதவு மட்டும்தான் போய்ச் சேரும் மேடம்," என்றான் ஜெபகுமார். அவளுடைய துப்பறியும் நிலையத்தில் அவன்தான் டிரைவர், குமாஸ்தா, உதவியாளர், காப்பி வாங்கிவருகிறவன். நான்கு வேலைக்கும் சேர்த்து அவன் எடுத்துக்கொண்ட ஒரே சலுகை வாய்.

விஷயம் இதுதான். பாலையா கடையில் பத்து வருடமாக வீடுவீடாகப் போய் டிவி மாட்டிக்கொடுக்கிறவன் சீனு. மூன்று வாரத்துக்கு முன், நகரியில் விசைத்தறி வைத்திருக்கும் உமாபதி ஒரு பெரிய ஓ.எல்.இ.டி. டிவி வாங்கினான். சீனு அதை வேனில் ஏற்றிப் போய்ச் சுவரில் மாட்டிவிட்டு வந்தான். பத்தாம் நாள் கிரிக்கெட் மேட்ச். கேமரா பச்சைத் தரையைத் திரை முழுக்கக் காட்டியபோது, தரையின் நடுவே ஒரு கறை நின்றது. பந்து எந்தப் பக்கம் ஓடினாலும் கறை அசையவில்லை.

உமாபதி கடைக்குப் போன் போட்டான். பாலையா முதலில் தேனொழுகப் பேசினார். நாள் முழுக்க ஒரே பக்திச் சேனலை வைத்திருப்பீர்கள், பார்த்து முடித்ததும் சுவர் சுவிட்சையும் அணைத்திருப்பீர்கள், கரண்ட் இல்லாமல் டிவி எப்படி ராத்திரியில் தன் கறையைத் தானே துடைத்துக்கொள்ளும், தப்பு உங்களுடையது என்றார். நுகர்வோர் கோர்ட்டுக்குப் போவேன் என்று உமாபதி சொன்னதும் தேன் நின்றது. நல்ல டிவியை வழியிலேயே சீனு திருடிக்கொண்டு, யாருடையதோ பழைய டிவியைப் பெட்டியில் வைத்து ஏமாற்றிவிட்டான் என்று போலீஸில் எழுதிக்கொடுத்துவிட்டார்.

முந்தின நாள் ராத்திரியிலிருந்து சீனு ஸ்டேஷன் பெஞ்சில் உட்கார்ந்திருந்தான். எஸ்.ஐ. ஆதிகேசவன் அவசரக்காரர் இல்லை. சாயங்காலம் ஆறு மணி வரை பொறுப்பேன், அதற்குள் வேறு எதுவும் கிடைக்காவிட்டால் வழக்கு எழுதத்தான் வேண்டும் என்று ரோஹிணியிடம் சொல்லிவிட்டார்.

சீனுவின் மனைவி யசோதா விடிந்ததும் ரோஹிணியின் வாசலில் நின்றாள். அழவில்லை. அழுதிருந்தால்கூட ரோஹிணிக்கு இத்தனை கோபம் வந்திருக்காது.

"அவரு வேலையே ஊரார் வூட்டுக்குள்ள போறதுதான்க்கா," என்றாள் யசோதா. "பத்து வருசத்துல ஒரு ஸ்க்ரூ பாக்கெட்ல போட்டுக்கினு வந்ததில்ல. நாளைக்குத் திருடன்னு பேப்பர்ல வந்தா எவன் கதவத் தொறப்பான்?"

அந்தக் கேள்வியோடுதான் ரோஹிணி காலையில் பாலையா கடைக்குப் போனாள். அங்கே வாசலில் பாலையா அவளை இரண்டு தடவை வரவேற்றார். ஒன்று நேரில். இன்னொன்று வாசலில் மாட்டியிருந்த ஆளுயர டிவியில், கைகூப்பி, அசையாத படமாக. சலவை வெள்ளைச் சட்டை, நெற்றியில் பளிச்சென்று வெள்ளை நாமம். ஐம்பத்தெட்டு வயதில் தலையில் ஒரு நரை கிடையாது. மீசைக்கு அவர் பூசியிருந்த கறுப்பைக் கொண்டு ரேணிகுண்டா வரைக்கும் தார் ரோடு போடலாம். படத்துக்குக் கீழே தள்ளுபடி அறிவிப்பு தெலுங்கில் ஓடிக்கொண்டே இருந்தது. ரோஹிணி கேட்ட எல்லாவற்றுக்கும் அவர், "மீரே சூஸ்கோண்டி, நீங்களே பாருங்க மேடம், நம்ம சீனு இப்படிப் பண்ணுவான்னு நெனைக்கல," என்று ஒரே பதிலைச் சொல்லி மோர் கொடுத்தார். மோரில் உப்பு இல்லை. அதற்கும் சேர்த்து அவளுக்குக் கோபம்.

புத்தூரைத் தாண்டும்போதுதான் அவள் பேசினாள். "ஜெபா, கறைக்குக் காரணம் அவங்க பாத்த தினுசுன்னா டிவி புதுசு. சீனு மாத்திட்டான்னா டிவி பழசு. ஒரே ஆளு ஒரே வாயால ரெண்டையும் எப்படிச் சொல்லுவான்?"

"பெரிய கடை மேடம். ரெண்டு மாடலும் ஸ்டாக்ல வெச்சிருப்பாரு."

உமாபதி வீட்டை நெருங்கும்போது தறிச் சத்தத்தில் காரின் ஹாரன் தன் குரல் தனக்கே கேட்காமல் வெட்கப்பட்டது. ஆனால் சத்தம் தறிக்கூடத்தில் மட்டும் இல்லை. வீட்டு நடையில் உமாபதியும் அவன் தாய் ரத்னம்மாவும் ஆளுக்கொரு பக்கம் நின்று கத்திக்கொண்டிருந்தார்கள். டிவியை யாராவது வந்து பரிசோதிக்கட்டும் என்று மகன். டிவி மேல் கை வைத்தவன் கையை ஒடிப்பேன் என்று தாய். ரத்னம்மாவுக்கு வயது அறுபதுக்குக் கொஞ்சம் கம்மி. குரலோ நாலு விசைத்தறிக்குச் சமம். காலையில் வந்த போலீஸ்காரரையும் அந்தக் குரல்தான் வாசலோடு திருப்பி அனுப்பியிருந்தது.

"எங்க நைனா டிவிக்குள்ள வந்துட்டாருன்னு சொல்லுது மேடம்," என்றான் உமாபதி, களைத்துப்போய். "நாலு வருசத்துக்கு முன்ன போனவரு."

ஜெபகுமார் வாயைத் திறந்தான். ரோஹிணி திரும்பிப் பார்த்தாள். அவன் மூடிக்கொண்டான்.

நான் கை வைக்க மாட்டேன், கண்ணால் மட்டும் பார்க்கிறேன் என்று ரோஹிணி சத்தியம் செய்த பிறகுதான் ரத்னம்மா உள்ளே விட்டாள். டிவிக்கு எதிரே ஒரு மணை. மணை மேல் கற்பூரத் தட்டு, ஒரு டம்ளர் காப்பி. டிவியின் சட்டத்தில் பூச்சரம். செட்டாப் பாக்ஸை அணைத்துவிட்டு டிவியை மட்டும் போட்டால் வெறும் சாம்பல் நிறத்தில் ஒரு திரை வருமே, அதை ரத்னம்மா போட்டுக் காட்டினாள். சாம்பல் நிறத்துக்குள்ளிருந்து மெல்ல ஓர் உருவம் துலங்கியது. வெளுத்த தலை. வெள்ளை மீசை. மார்பு முழுக்க நிழல் மாதிரி கறுப்பு. மார்பின் நடுவே கூப்பிய கைகள். காலடியில் நீளமாக ஒரு பட்டை.

ரோஹிணிக்கே ஒரு நொடி முதுகில் சில்லிட்டது. ஜெபகுமாருக்குச் சில்லிட்ட சில்லிடலில் காப்பி ஆறிப்போயிருக்கும்.

"தலையும் மீசையும் கடைசியில அப்டித்தான் வெளுத்துப் போச்சு அவருக்கு," என்றாள் ரத்னம்மா. பட்டை அவருடைய வேட்டிக் கரையாம். கும்பிடுவது தன்னை மன்னித்ததற்கு அடையாளமாம்.

எதற்கு மன்னிப்பு என்று ரோஹிணி கேட்டாள். ரத்னம்மா மகனைத் தறிக்கூடத்துக்குப் போகச் சொன்னாள். அவன் போனபிறகுதான் வாய் திறந்தாள். அவர் போன அன்றைக்குக் காலையில் ஒன்றுமில்லாத காரியத்துக்குச் சண்டை. உன் மூஞ்சியில் இனி முழிக்கக்கூடாது என்று இவள் சொன்னாள். பத்து மணிக்கு நெஞ்சைப் பிடித்துக்கொண்டு தறிமேடையில் சாய்ந்தவர் எழுந்திருக்கவே இல்லை.

"நாலு வருசம் யார்கிட்டயும் சொல்லல," என்றாள். "இப்ப பதினோரு நாளா தினம் காலையில இவரு மூஞ்சியிலதான் முழிக்கிறேன். நான் சொன்னது தப்புதான்னு சொல்றேன். கேட்டுக்கினு இருக்காரு."

ரோஹிணி திரையைப் பார்த்தாள். அப்புறம் சுவரில் மாலையோடு தொங்கிய, ரத்னம்மாவின் புருஷன் எத்திராஜின் போட்டோவைப் பார்த்தாள். போட்டோவில் நெற்றி நிறையப் பட்டை பட்டையாக விபூதி. திரையில் இருந்த உருவத்துக்கோ நெற்றியில் நெட்டுக்குத்தாகக் கறுப்புக் கோடு.

உங்கள் வீட்டுக்காரர் விபூதி பூசுகிறவர் ஆயிற்றே, இதென்ன நாமம் என்று கேட்டாள்.

"திருப்பதி வழியா வந்தாரில்ல," என்றாள் ரத்னம்மா, இது கூடத் தெரியாதா என்ற தோரணையில். "அங்க போட்டு வுட்ருப்பாங்க."

ஜெபகுமார் இருமுவதுபோல முற்றத்துக்கு ஓடினான். ரோஹிணி பின்னாலேயே போனாள். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை.

"ஜெபா, கறுப்பு நாமம் போட்ட ஆளைப் பாத்திருக்கியா?"

"நான் சர்ச்சுக்குப் போறவன் மேடம். ஆனா எங்க தெருவுல இருக்கற அத்தனை நாமமும் வெள்ளைதான்."

"இதுவும் வெள்ளைதான். அதான் கறுப்பாயிருக்கு."

ஜெபகுமாருக்குப் புரியவில்லை என்பதை அவன் புருவங்கள் தலைமயிர் வரைக்கும் ஏறிச் சொல்லின. ரோஹிணி விளக்கினாள். இந்த மாதிரி டிவியில் பின்னாலிருந்து வெளிச்சம் போடும் விளக்கு கிடையாது. ஒவ்வொரு புள்ளியும் தானே எரிகிற குட்டி விளக்கு. ஒரே படத்தை மாதக்கணக்கில் அசையாமல் வைத்தால், வெள்ளையான இடத்துப் புள்ளிகள் உழைத்து உழைத்து ஓய்ந்து மங்கிவிடும். கறுப்பான இடத்துப் புள்ளிகள் சர்க்கார் உத்தியோகம் மாதிரி சும்மா உட்கார்ந்திருந்துவிட்டுப் புதுசாகவே இருக்கும். ஆகவே கறையில் எல்லாமே தலைகீழ். வெள்ளை கறுப்பாகும். கறுப்பு வெளுக்கும்.

திரும்ப உள்ளே போனாள். விரலைத் தண்ணீரில் தொட்டு, தன் போனின் கேமராக் கண்ணில் ஒரே ஒரு சொட்டு வைத்தாள். அந்தச் சொட்டு பூதக்கண்ணாடியாக வேலை செய்தது. திரைக்குப் பக்கத்தில், படாமல், போனைப் பிடித்துப் படமெடுத்தாள். சிவப்பு, பச்சை, நீலம். கூடவே நாலாவதாக ஒரு வெள்ளைப் புள்ளி.

ஓ.எல்.இ.டி.யில் இரண்டு தினுசு உண்டு. ஒன்றில் மூன்று நிறங்களோடு வெள்ளைப் புள்ளியும் இருக்கும். மற்றதில் மூன்று நிறம் மட்டும்தான். ஆயுசும் வேறு, கறை பிடிக்கிற விதமும் வேறு. உமாபதி வைத்திருந்த பில்லில் எழுதியிருந்தது மூன்று நிற மாடல். சுவரில் தொங்கியதோ நாலு புள்ளி டிவி. சுவர் இடுக்கில் போனை நுழைத்துப் படமெடுத்தபோது, அதன் முதுகில் ஒட்டியிருந்த எண் மட்டும் பில்லோடு பொருந்தியது. அந்த ஸ்டிக்கரின் ஒரு மூலை சுருங்கி, வேறெங்கிருந்தோ உரித்து ஒட்டியது என்று தானே வாக்குமூலம் கொடுத்தது.

"ஆக, பெரிம்மா மேல தப்பு இல்ல," என்றான் ஜெபகுமார். "பாலையா சொன்ன முதல் பொய் செத்துப்போச்சு. ஆனா ரெண்டாவது பொய் நல்லாத் தின்னு கொழுத்துப்போச்சே மேடம். டிவி மாறினது நிச்சயமாயிட்டா மாட்டறது சீனுதானே?"

அதுதான் சங்கடம். மணி ஒன்றேகால். இதை இப்படியே எஸ்.ஐ.யிடம் கொடுத்தால் சீனுவைத் தன் கையாலேயே உள்ளே தள்ளினதுபோல ஆகும். ரோஹிணி கேமராவைத் துடைத்துவிட்டு, சாம்பல் திரையில் நின்ற உருவத்தை முழுசாகப் படமெடுத்தாள். போனில் நிறங்களைத் தலைகீழாக்கும் வசதியைத் தேடித் தட்டினாள். அவள் முகம் மாறியது. போனை ஜெபகுமாரிடம் நீட்டினாள்.

ஜெபகுமார் ஒரு தடவை பார்த்துவிட்டு, உமாபதியின் சரக்கு வேன் எங்கே என்று கேட்டுக்கொண்டு தறிக்கூடத்துக்கு ஓடினான்.

டிவியைத் திருப்பதிக்குக் கொண்டுபோகவேண்டும் என்றதும் ரத்னம்மா சுவரோடு ஒட்டிக்கொண்டு நின்றாள். ஒரு மணி நேரம் போனது. கடைசியில், ஒரு நிரபராதியைத் திருடன் என்று பிடித்துவைத்திருக்கிறார்கள் என்று ரோஹிணி சொன்னபோது, யார், இவரை இங்கே கொண்டுவந்து சேர்த்தானே அவனா என்று கேட்டாள். ஆமாம் என்றதும் இறங்கிவந்தாள். ஆனால் புருஷனைத் தனியாக அனுப்பமாட்டாளாம். உமாபதியின் சரக்கு வேனில், டிவிக்குப் பக்கத்தில், அதன் மேல் வெயில் படாமல் குடை பிடித்துக்கொண்டு நகரியிலிருந்து திருப்பதி வரைக்கும் வந்தாள். வழியில் டோல்கேட்டில் எட்டிப்பார்த்தவன் எதையும் கேட்காமல் தடையைத் தூக்கிவிட்டான்.

சாயங்காலம் ஐந்தேகால். பாலையா கடை வாசலில் எஸ்.ஐ. ஆதிகேசவன் புகார் நகலோடு காத்திருந்தார். வாசல் டிவியில் பாலையா கைகூப்பினார். நேரில் இருந்த பாலையா மோர் கொண்டுவரச் சொன்னார்.

ரோஹிணி மோரைத் தொடவில்லை. வாசல் டிவிக்கு நேரே போய், கேமராவில் ஒரு சொட்டுத் தண்ணீர் வைத்து, படத்திலிருந்த பாலையாவின் வெள்ளைச் சட்டையைப் படமெடுத்தாள். சிவப்பு, பச்சை, நீலம். நாலாவது புள்ளி இல்லை.

இந்த டிவி எத்தனை நாளாக இங்கே இருக்கிறது என்று கேட்டாள்.

"கடைய இந்த இடத்துக்கு மாத்தின நாள்லேர்ந்து மேடம். ஒன்றரை வருசம்."

"உங்க படமும்?"

"அதேதான். ராசியான படம்."

ஜெபகுமாரும் உமாபதியும் நகரி டிவியை உள்ளே தூக்கிவந்து மேஜை மேல் நிறுத்திப் பிளக்கைச் சொருகினார்கள். சாம்பல் திரை வந்தது. வெள்ளை மீசைக்காரர் கும்பிட்டபடி துலங்கினார். கடைக்கு வந்திருந்தவர்கள் சுற்றி நின்றார்கள். ரத்னம்மா முன்னால் வந்து பூச்சரத்தைச் சரிசெய்தாள்.

ரோஹிணி ரத்னம்மாவின் தோளைத் தொட்டு, மன்னித்துக்கொள்ளுங்கள் என்று தாழ்ந்த குரலில் சொன்னாள். பிறகு தலைகீழாக்கிய படத்தைப் போனில் பெரிதாக்கி எஸ்.ஐ.யிடம் காட்டினாள்.

கறுப்பு நாமம் வெள்ளையானது. கறுத்த மார்பு சலவைச் சட்டையானது. வெள்ளை மீசை தார் ரோடாக மாறியது.

எஸ்.ஐ. போனைப் பார்த்தார். வாசல் டிவியைப் பார்த்தார். பாலையாவைப் பார்த்தார். மூன்று இடத்திலும் ஒரே ஆள்.

"என் சர்வீஸ்ல குற்றவாளி போட்டோவை நாங்கதான் எடுப்போம்," என்றார். "சாட்சிப் பொருளே போட்டோ எடுத்து வெச்சிருக்கறது இதான் முதல் தடவை."

பாலையா லேசில் விடுகிற ஆள் இல்லை. வேர்த்த வேர்வையில் மீசையிலிருந்து ஒரு கறுப்புக் கோடு உதட்டுக்கு இறங்கியது. ஆனாலும் நாக்கு சுழன்றது. அப்படியென்றால் சீனு என் பழைய வாசல் டிவியைத்தான் திருடி நகரிக்கு அனுப்பியிருக்கிறான், பாருங்கள், எவ்வளவு பெரிய கேடி என்றார்.

"வாசல் டிவி திருடு போனா வாசல் காலியால்ல இருக்கணும்?" என்றாள் ரோஹிணி. "ஒன்றரை வருசமா இதே டிவிதான்னு இப்பத்தானே சொன்னீங்க. ஜெபா, ரிமோட்ட எடு. மெனுவுக்குள்ள போ. டிவியோட நம்பர் இருக்கும். முதுகுல ஒட்டின ஸ்டிக்கர உரிக்கலாம். உள்ள எழுதினத உரிக்க முடியாது."

ஜெபகுமார் பாலையாவின் கூப்பிய கைகளுக்கு நடுவே மெனுவைத் திறந்து எண்ணை ஒவ்வொன்றாகப் படித்தான். எஸ்.ஐ. உமாபதியின் பில்லில் விரல் வைத்துக்கொண்டே வந்தார். பன்னிரண்டு எழுத்தும் பொருந்தின. உமாபதியின் புது டிவி மூன்று வாரமாக வாசலில் நின்று பாலையாவைக் கும்பிடவைத்துக்கொண்டிருந்தது. தன் முகம் பதிந்து கெட்டுப்போன பழசைப் புதுப் பெட்டிக்குள் வைத்து, தறிக்காரர்களுக்கு என்ன தெரியப்போகிறது என்று அனுப்பியிருந்தார்.

ரத்னம்மா போனை வாங்கி வெகுநேரம் பார்த்தாள். டிவியிலிருந்து பூச்சரத்தை உருவிக் கீழே போட்டாள். அவள் பாலையாவை நோக்கி நடந்தபோது எஸ்.ஐ.யே இரண்டு அடி பின்வாங்கினார். அறை விழும் என்று கடையே மூச்சைப் பிடித்தது. அவள் கை ஓங்கவில்லை.

"பதினோரு நாளு பல்லுல தண்ணி படாம உன் மூஞ்சிக்குக் கற்பூரம் காட்னேன்," என்றாள். அந்த நாலு தறிக் குரல் எங்கோ போய், தாழ்ந்த குரல் வந்திருந்தது. அதைக் கேட்கத்தான் அதிகம் பயமாக இருந்தது. "அது போவட்டும். நாலு வருசமா என் புருசனுக்குன்னு நெஞ்சுல வெச்சிக்கினு இருந்தத உன்னப் பாத்துச் சொல்லிட்டேன். அதத் திருப்பிக் குடு."

"தல்லி, கொத்த டிவி இஸ்தானு," என்றார் பாலையா. தாயே, புது டிவி தருகிறேன், ஒன்று இல்லை, இரண்டு தருகிறேன் என்றார்.

"டிவி கேட்டனா நானு? நான் சொன்னதத் திருப்பிக் குடு."

 எந்தக் கடையிலும் அது ஸ்டாக்கில் கிடையாது. என்ன செய்வதென்று தெரியாமல் அவர் கைகள் தாமாகவே மார்புக்கு ஏறிக் கூப்பிக்கொண்டன.

"அப்டியே நில்லு," என்றாள் ரத்னம்மா. "சீனு வர்ற வரைக்கும் கைய எறக்காத."

எஸ்.ஐ. ஸ்டேஷனுக்குப் போன் போட்டார். சீனு வந்துசேர்ந்தபோது ஆறு மணிக்குப் பத்து நிமிஷம் இருந்தது. யசோதாவும் கூட வந்தாள். வாசலில் நேரில் ஒரு பாலையா, புது டிவியில் ஒரு பாலையா, பழைய டிவியில் வெள்ளை மீசையோடு ஒரு பாலையா, மூன்று பேரும் சேர்ந்து அவனைக் கும்பிட்டார்கள். சீனு யாரையும் பார்க்கவில்லை. நேரே போய் ரிமோட்டை எடுத்து வாசல் டிவியை அணைத்தான்.

"ஒன்றரை வருசமா சொன்னேன் சார்," என்றான் எஸ்.ஐ.யிடம். "ஒரே படத்த வெக்காதீங்க, ராத்திரி கடை சாத்தும்போது மெயின் சுவிட்ச அணைக்காதீங்க, அது தன்னத் தானே தொடச்சிக்கணும்னு. ராசி போயிடும்னாரு. இப்ப புதுசையும் பாழ் பண்ண ஆரம்பிச்சிட்டாரு."

அவன் சுவரிலிருந்து டிவியைக் கழற்றத் தொடங்கினான்.  ஒவ்வொரு ஸ்க்ரூவையும் எடுத்து எண்ணி யசோதாவின் உள்ளங்கையில் வைத்தான். முடித்துவிட்டு ரத்னம்மாவிடம் திரும்பினான். நாளைக் காலையில் வந்து இதை உங்கள் வீட்டில் மாட்டித் தரலாமா என்று, கேட்கக் கூச்சப்பட்டுக்கொண்டு கேட்டான். இனிமேல் தான் எந்தக் கடை ஆளும் இல்லை என்றான்.

ரத்னம்மா அவனையும் யசோதாவையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"வா," என்றாள். "செட்டாப் பெட்டிய அணைச்சா அந்த வெத்துத் திரை வருதே, அது மட்டும் வராத மாதிரி பண்ணிக் குடு. இனிமே அதப் பாக்க என்னால ஆவாது." வேனில் ஏறப்போனவள் நின்றாள். "எந்நேரம்னாலும் வா சீனு. நாங்க தறிக்குள்ள இருப்போம், கூப்ட்டா காதுல வுழாது. கதவு தொறந்துதான் கெடக்கும். நீ பாட்டுக்கு உள்ள போ."